கூரைக்கு அடியில் நின்றவர்

தலைக்கு மேல் இருக்கிற எதையும் நான் நம்புவதில்லை. ஓடுகிற ஃபேனுக்கு நேர் கீழே படுக்கமாட்டேன். மேம்பாலத்துக்கு அடியில் பஸ் சிக்னலுக்காக நின்றுவிட்டால் உள்ளங்கை வியர்த்துவிடும். இப்போது போரூரிலிருந்து பூந்தமல்லி வரும் வழி முழுக்க மெட்ரோவுக்குத் தூண் எழுப்பி மேலே பாலம் போட்டுவிட்டார்கள். வெயில் தெரியவில்லை என்று மற்றவர்களுக்கெல்லாம் சந்தோஷம். நான் மட்டும் மடியில் இருக்கும் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பூந்தமல்லி ஸ்டாண்டில் இறங்கும்வரை நிமிர்ந்து பார்ப்பதில்லை. இந்த லட்சணத்தில் நான் வயிற்றுப்பாட்டுக்குச் செய்த வேலை, மற்றவர்கள் வீட்டுக்குக் கூரை வரைந்து கொடுப்பது.

அந்த வேலையை எனக்குக் கொடுத்தவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். கட்டடக்கலை படித்துவிட்டு ராணுவத்துக்குப் போய், அங்கே பாலமும் பதுங்குமிடமும் கட்டி, திரும்பி வந்து வீடு கட்டியவர். ஆவடி சேக்காட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகள்தான் ஆபீஸ். ஆவடியில் தடுக்கி விழுந்தால் ஒரு மிலிட்டரிக்காரர் மேல்தான் விழவேண்டும். ஆனாலும் சென்ட்ரிங் வேலைக்காரர்கள் ‘மிலிட்டரி சார்’ என்று சொன்னால் அது அவர் ஒருவர்தான். எனக்கு வெறும் சார்.

வேலை கேட்டுப் போன அன்று அவர் என் சான்றிதழைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. விரலை மேலே காட்டி, “இந்தத் தளம் விழுமா?” என்று கேட்டார்.

“தெரியல சார். ஆனா பயமா இருக்கு.”

“எதுக்குப் பயம்?”

“மேல இருக்கே சார்.”

அவர் சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் வந்தவர்களெல்லாம், “விழாது சார், ஸ்ட்ராங்கா இருக்கு” என்று சொன்னார்களாம். “நாளைக்கு வந்துடும்மா” என்றார். பயந்தாங்கொள்ளி என்பதற்காக வேலை கிடைத்த ஒரே ஆள் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். அவர் பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர். நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அந்தக் குவார்ட்டர்ஸ் கூரையும் எனக்கு நம்பிக்கை இல்லாத கூரைதான்.

சாருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. அங்கே ஒரு குண்டு பக்கத்தில் விழுந்ததில் போனது. ‘அங்கே’ என்றால் ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. சண்டை நடக்கிற இடத்தில் சமாதானம் காக்கப் போன படையில் அவர் இருந்தார். அந்த நாட்டின் பெயரை அவர் உச்சரித்து நான் கேட்டதில்லை, எப்போதும் ‘அங்கே’தான். ஆபீஸில் அவர் நாற்காலி சுவரோரம் ஒருக்களித்துக் கிடக்கும். யார் வந்து உட்கார்ந்தாலும் வலது பக்கம்தான் உட்கார முடியும். தெரியாமல் இடது பக்கம் நின்று மனு போட்டவர்கள் பேசிப் பேசித் தொண்டை வறண்டு போவார்கள். அவர் தன்பாட்டுக்குப் பென்சில் சீவிக்கொண்டிருப்பார்.

வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையாது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் வீட்டுக்காரரைப் பார்க்கமாட்டார், சீலிங்கைப் பார்ப்பார். என் மகள் காதுகுத்துக்கு வந்தபோதும் மண்டபத்தின் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் குழந்தையைப் பார்த்தார். என் மாமியார், “யாருடி இவரு, பல்லியைத் தேடுறாரு?” என்று என் காதைக் கடித்தார்.

அவர் வாயில் அடிக்கடி வரும் பேச்சு ஒன்று உண்டு. “கண்ணு சொல்றதைக் கேக்காதே, கணக்கு சொல்றதைக் கேளு.” ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்லிவிடுவார். எனக்குக் கண்ணும் ஒன்றுதான், கணக்கும் ஒன்றுதான். இரண்டுமே பயமுறுத்தும்.

ஆனால் ஊர் முழுக்க அவரைப் பற்றிப் பேசியது வேறு ஒரு வழக்கத்தை வைத்துத்தான். கான்கிரீட் போட்டால், அது இறுகும்வரை கீழே சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்து வைத்திருப்பார்கள். பிறகு ஒரு நாள் அந்தக் கட்டைகளையெல்லாம் தட்டி உருவுவார்கள். சென்ட்ரிங் பிரிப்பது என்று அதற்குப் பெயர். கூரை அன்றுதான் முதல்முறையாகத் தன் சொந்த பலத்தில் நிற்கும். அந்த நேரத்தில் மேஸ்திரிமார்கள்கூடச் சாமி கும்பிட்டுவிட்டு ஓரமாக நின்றுதான் கட்டையைத் தட்டுவார்கள். சார் கூரைக்கு அடியில் போய் நிற்பார்.

முதல் தடவை நான் பார்த்தது அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு குடோனில். வேலை இடத்தில் எல்லோரும் ஹெல்மெட் போடவேண்டும், போடாதவனைத் திட்டி விரட்டுவார். ஆனால் உள்ளே போகும் முன் தன் ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். நேராக நடுவில் போய், கால்களை அகட்டி, கைகளைப் பின்னால் கட்டி நின்றார். வெளியே நின்ற எங்களைப் பார்த்து, “யாராவது வர்றீங்களா?” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். “வேணாம் சார், பொண்டாட்டி புள்ளைங்க கீது” என்று ஒருத்தன் சொன்னான். அவர் யாரையும் வற்புறுத்தவில்லை. மேஸ்திரிக்குத் தலையசைத்தார். கட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அவருடைய ஹெல்மெட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நான் கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாம் முடிந்து அவர் வெளியே வந்து ஹெல்மெட்டுக்குக் கையை நீட்டினார். அப்போது அவர் முகத்தில் பெருமை எதையும் பார்க்கவில்லை. யாருக்காகவோ காத்திருந்து, அவர்கள் வராமல் போன மாதிரி இருந்தார்.

“ஒரு நாள் இல்ல ஒரு நாள் அந்த ஆள் மேலயே விழப்போகுது. நீ பாத்துட்டு வந்து ஒரு மாசம் சோறு திங்கமாட்டே. வேலைய விட்ரு” என்றார் வீட்டுக்காரர். நானும் விட்டுவிடலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைத்தேன். ஆனால் நான் போய்விட்டால் அந்த ஹெல்மெட்டை யார் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்று ஒரு பைத்தியக்கார யோசனை வரும். போகாமல் இருந்துவிடுவேன்.

ஆபீஸில் அவர் மேஜைக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் சின்ன மாதிரி ஒன்று இருந்தது. ஒரு புல்மேடு. அதன் சரிவிலிருந்து மெல்லிய கான்கிரீட் பலகை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முன்னால் தூண் கிடையாது. அதற்கு அடியிலும் ஒன்றும் கிடையாது. அங்கிருந்து ஒரு பாதை புறப்பட்டு வெட்டவெளியில் போகும். அந்தப் பாதையோரம் புல்லில் பெயர் பொறித்துப் பதித்த ஏழு கற்கள். அங்கே செத்துப்போன சிப்பாய்களுக்காக அந்த நாட்டில் எழுப்பிய நினைவுச்சின்னம் அது. வரைந்தவர் இவர். யாரும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை, இவராகக் கேட்டு வாங்கி, போய் இருந்து கட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒரு மழை நாளில் கரண்ட் போய்விட்டது. கம்ப்யூட்டர் இல்லாமல் எனக்கு வேலை ஓடவில்லை. சும்மா இருக்கமாட்டாமல் கேட்டேன்.

“பேரெல்லாம் வெளிய இருக்கே சார். மழையில நனையுமே?”

“நனையத்தான் செய்யும்.”

“கூரைக்குள்ள வெச்சிருக்கலாமே?”

“உள்ள யாரும் வரலையேம்மா.”

அப்போதுதான் சொன்னார். அவர்கள் தங்கியிருந்த இடம் ஒரு மலையடிவாரம். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் குண்டு வரும். அதனால் இவர் மலைச் சரிவைக் குடைந்து, பாறைக்குள்ளிருந்தே ஒரு கூரையை வெளியே நீட்டினார். வருகிற குண்டை மலை வாங்கிக்கொள்ளும், மேலிருந்து உருளும் கல்லைக் கூரை தாங்கிக்கொள்ளும். அவ்வளவுதான் கணக்கு. அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவர வசதியாக முன்பக்கத்தைத் திறந்து விட்டிருந்தார். கொஞ்சம் தள்ளி ஒரு பழைய தானியக் கிடங்கு இருந்தது. கனமான கல் சுவர், பருத்த தூண்கள். குண்டு விழ ஆரம்பித்த அன்று இவர் கூரைக்கு அடியில் நின்றுகொண்டு, “இங்கே வாங்க, இங்கே வாங்க” என்று கத்தினார். சிப்பாய்ப் பையன்கள் இந்தப் பக்கம்தான் ஓடிவந்தார்கள். வந்து, மேலே பார்த்தார்கள். மெல்லிசாக நீட்டிக்கொண்டிருந்த பலகையைப் பார்த்தார்கள். திரும்பிக் கிடங்குக்கு ஓடினார்கள். கிடங்குமேல் குண்டு விழுந்தது.

“என் கூரையில ஒரு கீறல் இல்லம்மா. நான் ஒருத்தன் மட்டும் அதுக்குக் கீழ நின்னுகிட்டு இருக்கேன்.”

இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. அந்த நாட்டின் மேல் இல்லை, குண்டு போட்டவன் மேல் இல்லை. செத்துப்போன அந்தப் பையன்கள் மேல் கோபம். கண்ணை நம்பிக் கணக்கை நம்பாமல் போனார்களே என்று. இத்தனை வருஷம் கழித்தும் ஒருவர் செத்தவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கரண்ட் சீக்கிரம் வந்தால் தேவலை என்று உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் அவர் போனுக்கு ஒரு படம் வந்தது. அங்கே போன யாரோ எடுத்து அனுப்பியது. நினைவுச்சின்னத்தின் கூரை நுனிக்கு அடியில் வரிசையாக இரும்புக் குழாய்களை நட்டிருந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் கூரை விழுந்துவிடுமோ என்று பயந்து உள்ளே போகாமல் தூர நின்றே திரும்பிவிடுகிறார்களாம். அதனால் அங்கிருந்த அதிகாரிகள் பார்த்துச் செய்த ஏற்பாடு.

சார் ஸ்கேலை எடுத்து மேஜை ஓரத்தில் பாதி வெளியே நீட்டி வைத்தார். உள்பாதியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார்.

“இது இப்படி நிக்கும்போது எந்தப் பக்கம் இழுபடும்?”

“மேல்பக்கம் சார்.”

“அதனால கம்பியை எங்க கட்டுவோம்?”

“மேல கட்டுவோம்.”

“இப்போ நுனியில ஒரு முட்டு குடுத்தா? நடுவுல தொய்யும். அப்போ அடிப்பக்கம் இழுபடும். அடியில கம்பி எங்க இருக்கு? பயந்து போய்த் தூண் வெக்கிறாங்க. தூண்தான் அதை உடைக்கப் போகுது.” ஸ்கேலை மேஜைமேல் விட்டெறிந்தார். அதற்கப்புறம் வாரக்கணக்கில் அந்த நாட்டுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். எதிர்முனையில் இருப்பவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். குழாய்களை யாரும் எடுக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் நூம்பல் வீடு வந்தது. பூந்தமல்லியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் கட்டிய வீடு. நூம்பலில் அப்போது வயல் இருந்த இடமெல்லாம் மனையாகிக்கொண்டிருந்தது. ஒடுக்கமான மனை, வண்டி திரும்ப இடம் வேண்டும், அதனால் வாசலில் தூணில்லாத போர்டிகோ. சுவரிலிருந்து கூரை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வரைந்தவள் நான்தான்.

அந்த வீட்டம்மாவுக்கு முட்டிவலி. ஒவ்வொரு முறையும் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, எதிர் மனையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்தக் கூரையைப் பார்ப்பார்.

“தூணே இல்லாம அது எப்டி நிக்கும் சார்? என் பேரப்புள்ளைங்க அதுக்குக் கீழதானே ஆடிகினு இருக்கும்.”

“நிக்கும்மா.”

“நிக்கும்னு நீங்க சொல்றீங்க. எனக்குப் பாத்தாலே அடிவயித்தக் கலக்குதே. ஒரு தூணு வெச்சிக் குடுங்களேன்.”

“பயமா இருந்தா பின்பக்க வாசல்ல வாங்க” என்றார் சார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வயசான அம்மாவிடம் இப்படியா பேசுவது. அந்தம்மா கோபப்படவில்லை. “அப்டின்னா நான் இந்த ஊட்டுக்குக் குடியே வரலைங்க. பழைய ஊட்டுலயே இருந்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்.

பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அவ சொன்னா சொன்னதுதாம்மா, வரமாட்டா. சார் வேலைய முடிச்சிகினு போவட்டும், நானே முன்னாடி ஒரு தூணு எழுப்பிக்கிறேன். என் கடையில இல்லாத கம்பியா, சிமெண்டா? சாராண்ட சொல்லாத.”

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் சார் வெடிப்பார். சொல்லாவிட்டால் கூரை வெடிக்கும். கூரைதான் பெரிய பயம் என்பதால் சாரிடம் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. “பிரிக்கிற அன்னிக்கு அந்தம்மாவை வரச் சொல்லு. கண்ணால பாத்தாத்தான் நம்புவாங்கன்னா, பாக்கட்டும்” என்றார்.

பிரிக்கிற அன்று காலையில் அந்தம்மா நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் வழக்கமான மேஸ்திரி ஒரு சாவுக்கு ஊருக்குப் போயிருந்ததால் வேறு மேஸ்திரி, வேறு ஆட்கள். சார் அவர்களிடம் தெளிவாகச் சொன்னார். முதலில் கூரையின் வெளி நுனியில் இருக்கும் கட்டைகளை எடுக்கவேண்டும். அப்படியே உள்ளே வந்து, சுவரோரக் கட்டைகளைக் கடைசியில் எடுக்கவேண்டும். சுவர்ப் பக்கம் முதலில் உருவினால், நுனியில் நிற்கும் கட்டைகளே தூண் மாதிரி ஆகி கூரையைப் பிளந்துவிடும். படத்திலும் எழுதியிருந்தேன். “ஆவட்டும் சார்” என்றார் மேஸ்திரி.

சார் ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போர்டிகோவுக்குள் போனார். அந்தம்மாவுக்கு நன்றாகத் தெரியவேண்டும் என்று இந்த முறை நடுவில் நிற்கவில்லை. கூரையின் நுனியில், வெளிக் கட்டைகளுக்கு இடையே, எதிர் மனையைப் பார்த்து நின்றார்.

“யாராவது வர்றீங்களா?”

அந்தம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். யாரும் அசையவில்லை. சார் மேஸ்திரிக்குத் தலையசைத்தார்.

கட்டை விழும் சத்தம் கேட்டது. சார் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டது. எட்டிப் பார்த்தேன். சுவரோரக் கட்டைகளை உருவிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் நாலைந்து விழுந்துவிட்டன. நுனியில், அவரைச் சுற்றி இருந்தவை அப்படியே நின்றன. அவருக்குத் தெரியவில்லை. அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நிறுத்துங்க” என்று கத்தினேன். சுத்தியல் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அப்போது கூரையிலிருந்து வேறு ஒரு சத்தம் வந்தது. தேங்காய் விரிசல் விடும்போது வருமே, அந்த மாதிரி மெல்லிய சத்தம். கான்கிரீட்டிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரக்கூடாது. வீட்டுக்காரர் ஞாபகம், மகள் ஞாபகம், எல்லாம் வந்தது. எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. ஹெல்மெட் கையில் இருக்க, கூரைக்கு அடியில் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. பள்ளிக்கூட வாசலில் கடைசிப் பிள்ளையாக நிற்கும்போது அம்மா வருவதைப் பார்த்த பிள்ளை மாதிரி மலர்ந்துவிட்டது.

“வந்துட்டியாம்மா” என்றார்.

“சார், செவுத்துப் பக்கம் பிரிக்கிறாங்க, வெளிய வாங்க.”

அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். நான் இடது பக்கம் நிற்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கட்டையில் இடித்துக்கொண்டு சுற்றிப் போய் வலது காதில் கத்தினேன்.

சிரிப்பு நின்றது. திரும்பிப் பார்த்தார். மேலே பார்த்தார். கூரையின் அடிப்பக்கத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு ஓடியிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். அத்தனை கூரைகளுக்கு அடியில் இஸ்திரி கலையாமல் நின்ற மனுஷனுக்கு உதடு வெளுத்துவிட்டது. என் கையைப் பிடித்த அவர் கை உதறியது. “வெளிய போ, நீ வெளிய போ” என்று என்னைத் தள்ளினார். தள்ளிய வேகத்தில் நான் மணலில் போய் விழுந்தேன். அவரும் பின்னாலேயே வந்து, “முட்டு குடு, திரும்ப முட்டு குடு” என்று கத்தினார். ராணுவக் குரல் இல்லை அது. தெருவில் வண்டியில் அடிபடப் போகும் பிள்ளையைப் பார்த்துக் கத்துகிற குரல்.

கட்டைகளைத் திரும்ப நட்டார்கள். எல்லாம் அடங்கியதும் சார் மேஸ்திரியிடம் போனார். அடித்துவிடுவாரோ என்று நினைத்தேன்.

“நான் எங்க இருந்து எடுக்கச் சொன்னேன்?”

“நுனியிலேர்ந்துதான் சார் சொன்னே” என்றார் மேஸ்திரி. “நீ அங்க நின்னுகினு கீறியே சார். உன் தலைக்கு மேல தாங்கினு கீற கட்டைய எப்டி சார் மொதல்ல உருவறது? மனசு வரல சார். நீ வெளிய போனப்பறம் உருவலாம்னு நெனச்சேன்.”

சார் மணல்மேட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். பாதியைச் சட்டையில் சிந்திக்கொண்டார்.

“நீ உள்ள வந்ததும் எனக்கு உசுரே போயிடுச்சும்மா” என்றார். “நான் மட்டும் நின்னப்போ ஒரு நாளும் பயந்ததில்ல. நீ வந்து நின்னதும் கணக்கெல்லாம் மறந்துபோச்சு. நிக்குமா நிக்காதான்னே தெரியல. அன்னிக்கு அவனுங்க உள்ள வந்திருந்தா, அப்பவும் நான் இப்படித்தான் நடுங்கியிருப்பேன் போல.” பிறகு, “நம்பித்தானே வந்தே?” என்று கேட்டார்.

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “பயந்துதான் சார் வந்தேன்” என்றேன்.



கீறலுக்குள் பசை செலுத்தி, கூரையைத் தட்டித் தட்டிப் பார்த்து, திருப்தியான பிறகு வேறொரு நாள் சென்ட்ரிங்கைப் பிரித்தோம். இந்தத் தடவை நுனியிலிருந்து. சார் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு எங்களோடு வெளியே நின்றார். யாரையும் உள்ளே கூப்பிடவில்லை. கூரை நின்றது. அந்தம்மா நாற்காலியிலிருந்து எழுந்து கொஞ்ச தூரம் வந்தார். கூரையின் நிழல் விழும் இடத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டார்.

“நிக்குது சார். நான் இல்லன்னு சொல்லல. ஆனா நம்பிக்கை வரமாட்டேங்குதே, நான் இன்னா பண்றது?”

சார் தன் வலது காது அவர் பக்கம் இருக்கும்படி திரும்பி நின்றார்.

“ஒரு தூண் இருந்தா வருவீங்களா?”

“ஒண்ணே ஒண்ணு போதும் சார்.”

“போட்டுத் தர்றேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தம்மா போன பிறகு சாக்பீஸால் தரையில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். “இந்த எடத்துல ஒரு தூண் வரைம்மா. ஆனா மேல தொடக்கூடாது. கூரைக்கும் தூணுக்கும் நடுவுல ஒரு விரல் எடம் விடு. வெளிய தெரியாம ஒரு விளிம்பு வெச்சு மறைச்சிடு.”

“அப்போ அது எதையும் தாங்காதே சார்.”

“தாங்க வேணாம். கண்ணுக்குத் தெரிஞ்சா போதும்.”

அப்படியே செய்தோம். அந்தம்மா குடிவந்த அன்று அந்தத் தூணைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். பாயிடம் விஷயத்தைச் சொல்லி, மேலே விட்ட இடைவெளியை யாரும் அடைக்கக்கூடாது என்று சார் சத்தியம் வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலம் போர்டிகோவில் நின்றபடியே அந்த நாட்டுக்குப் போன் போட்டார். குழாய்களை எடுக்கவேண்டாம், மேலே ஒரு விரல் அளவுக்கு அறுத்துவிட்டு அப்படியே நிற்க விடுங்கள் என்றார். ஒருவழியாக ஒப்புக்கொண்டார்கள் போல. போனை வைத்துவிட்டு அந்தப் பொய்த் தூணில் சாய்ந்துகொண்டார்.

“கூரை போட்டு முடிச்ச அன்னிக்கே அந்தப் பசங்க கேட்டானுங்கம்மா” என்றார். “பாக்கவே பயமா இருக்கு சார், முன்னாடி ஒரு கட்டை நட்டுக் குடுங்களேன்னு.”

எனக்குத் தெரியாத விஷயம் இது. அந்த மழை நாளில்கூட இதை அவர் சொல்லவில்லை.

“நீங்க என்ன சார் சொன்னீங்க?”

“கணக்குப்படி தேவையில்லைன்னேன். சிரிச்சேன்.”

உள்ளே பாய் வீட்டுப் பிள்ளைகள் ஓடி விளையாடுகிற சத்தம் கேட்டது. அவர் வலது காதை அந்தப் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அங்க கட்டைக்கா பஞ்சம்?” என்றார். “சும்மா கெடந்துச்சும்மா, அடுக்கடுக்கா.”